விறாந்தை வளையில் தொங்கிய சைக்கிள்

சைக்கிள் விறாந்தைக் கூரையின் குறுக்கு வளையிலிருந்து மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. கயிறு இவரின் இரண்டு கைகளிலும் இருந்தது. நான் இவருக்கு வலப்பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கொடியில் போட்ட உடுப்பிலிருந்து சவர்க்கார மணம் வந்துகொண்டிருந்தது. சைக்கிளுக்கு எண்ணெய் போடும்போது நிலத்தில் ஒழுகாமல் இருக்க ஒரு சாக்கு வேண்டுமென்று கேட்டிருந்தார். எடுத்துக்கொண்டு வந்துதான் அங்கே நின்றேன்.

"சாக்கு எங்க வைச்சனீ?" என்று இவர் கேட்டார். என்னைப் பார்த்து அல்ல. இடது பக்கம், குசினி வாசலைப் பார்த்து.

சாக்கு என் கையில் இருந்தது. நான் பதில் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் இந்த முறை எழுதவேண்டும். மூன்று கிழமையாக, வாரத்துக்கு ஒன்றாக வேறு கதைகளைப் பத்திரிகைக்கு எழுதி இதைத் தள்ளிப்போட்டேன். இதை எழுதுவதற்கு இவரிடம் அனுமதியும் கேட்டேன். "எழுது. ஆனா என்னைப் பாவம் பார்க்கிறமாதிரி எழுதாத" என்றார்.

மான் குறுக்கே வந்த காலை

இவர் என்று நான் சொல்வது என் கணவர் நவரத்தினத்தை. திருகோணமலைத் துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் பாரங்களுக்குக் கயிறும் கம்பி வடமும் கட்டிக் கொடுக்கிற பகுதி. ஓய்வு பெற்ற பிறகும் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைமுகப் பக்கம் போவார். பழைய கூட்டாளிகளோடு ஒரு தேத்தண்ணி, பிறகு மீன், பிறகு வீடு. எங்கள் வீடு அன்புவழிபுரத்தில். போக வர நல்ல தூரம்.

நான் பாடசாலை ஒன்றின் அலுவலகத்தில் எழுதுவினைஞர். இவர் திரும்பி வருவதற்குள் நான் வேலைக்குப் போய்விடுவேன். மத்தியானம் வந்து குளிர்ப்பெட்டியைத் திறந்தால் மீன் இருக்கும். அதுதான் இவர் சுகமாகத் திரும்பி வந்ததற்கு எனக்குக் கிடைக்கும் தகவல்.

அன்றைக்கு மீன் இருக்கவில்லை. இவர் கதிரையில் இருந்தார். முழங்கையில் துவாய் சுற்றியிருந்தது. துவாயில் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"மான் ஒண்டு குறுக்க வந்திட்டுது" என்றார்.

எங்கள் ஊரில் இது அதிசயமில்லை. பஸ் நிலையத்துப் பக்கம் மான்கள் ஆடுமாடுபோலத் திரியும், வாழைப்பழத் தோல் தின்னும், ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தாலும் அசையாது. அதனால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அந்த மான்கள் பாய்கிற மான்கள் அல்ல. நிற்கிற மான்கள்.

"எந்தப் பக்கத்தால வந்தது?"

"வலப்பக்கத்தால. எங்க நிண்டது எண்டே தெரியேல்ல."

கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக எனக்கு இரண்டு கிழமை பிடித்தது. அங்கே ஒரு இருட்டறையில் மெசின் ஒன்றின்முன் இருத்தினார்கள். உள்ளே சின்ன வெளிச்சப் புள்ளிகள் வந்து வந்து போகும், தெரிந்தால் கையிலுள்ள பொத்தானை அமத்தவேண்டும். நான் திரைச்சீலைக்கு வெளியே வாங்குப் பலகையில் இருந்தேன். இடது கண்ணுக்கு டிக், டிக், டிக் என்று சத்தம் வந்துகொண்டேயிருந்தது. பிறகு மற்றக் கண்ணுக்கு மாற்றினார்கள். சத்தம் நின்றுவிட்டது. சோதனை முடிந்துவிட்டதென்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தால் இவர் இன்னும் மெசினுக்குள் முகத்தை வைத்தபடி, பொத்தானில் பெருவிரலோடு, புள்ளி வருமென்று காத்துக்கொண்டிருந்தார்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றுவிட்டது என்று டொக்டர் விளக்கினார். போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத் துளி மருந்து. அந்தப் பெண் டொக்டர் நல்ல பொறுமைசாலி. "நேர பார்த்தா உங்களுக்குத் தெரியும் ஐயா. வலப்பக்கத்தால வாறது தெரியாது. சைக்கிளை விட்டிடுங்கோ" என்றார்.

இவர் தலையாட்டினார். அடுத்த நாள் காலை ஆறரைக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

விற்க முடியாத சாமான்

வவுனியாவில் இருக்கும் மகள் வினோ தொலைபேசியில் ஒரே வசனத்தில் முடித்தாள். "வித்துப்போடுங்கோ அம்மா, அப்பா ரெண்டு நாள் கோவிச்சுப்போட்டு விட்டிடுவார்."

மகள் சொன்னது சரி. ஆனால் என்னால் ஏலவில்லை. அதற்குக் காரணம் இவரல்ல, என் அப்பா.

நான் பிறந்தது கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம், கட்டைபறிச்சானில். ஓர் இடப்பெயர்வின்போது எல்லோரும் கையில் அகப்பட்டதோடு ஓடுகிறோம். அப்பாவுக்கு சைக்கிளை விட்டுவிட்டு வர மனமில்லை. ஏற்றிக்கொண்டு போகவும் வழியில்லை. கிணற்றடியில் நின்று யோசித்தார். பிறகு சட்டத்தில் கயிற்றைக் கட்டி, கிணற்றுக்குள் இறக்கி, தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டு, கயிற்றைக் கிணற்றுக் கட்டின் உட்பக்கத்தில் முடிந்தார். மேலே ஓலை போட்டு மூடினார். வெளியே வெடிச்சத்தம் கேட்கிறது, அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறா, அப்பா முடிச்சை இரண்டாம் தரம் இழுத்துப் பார்க்கிறார்.

பல மாதம் கழித்துத் திரும்பி வந்தோம். கயிறு இற்றுப்போய் சைக்கிள் தண்ணீருக்குள் விழுந்திருந்தது. அப்பா இறங்கி எடுத்தார். றிம் கறள் பிடித்து உதிர்ந்தது. சட்டம் மட்டும் தப்பியது. அதைக் கழுவித் துடைத்து, வேறு சில்லுப் போட்டு, சாகும்வரை ஓடினார்.

அப்படியொரு மனிதனின் மகளால் புருசனின் சைக்கிளை விற்க முடியாது. ஆனால் அதை எட்டாத இடத்தில் வைக்க முடியும் என்று நினைத்தேன்.

எட்டாத இடம் தேடி

அந்த நாட்களில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் தொலைபேசியில் பார்த்ததெல்லாம் சைக்கிள் வைக்கிற வழிகள்தான். உலகத்தில் இதற்கு இவ்வளவு விதம் இருக்குமென்று எனக்குத் தெரியாது. நிலத்தில் பூட்டி, சில்லைச் செருகுகிற இரும்புத் தாங்கி. சுவரில் அடித்து, முன்சில்லை மாட்டி நிமிர்த்தித் தொங்கவிடுகிற கொளுக்கி. கூரையில் கப்பி போட்டுக் கயிற்றால் தூக்குகிற வகை.

நிலத்துத் தாங்கியை உடனே விட்டேன். அதிலிருந்து சைக்கிளை எடுக்க ஒரு நிமிடம் போதும். சுவர்க் கொளுக்கியை வீட்டு முன்னறைக்குள் அடிக்கலாம். ஆனால் இவர் ஆள் உயரம், தோள் பலம் இன்னும் போகவில்லை. கொளுக்கியிலிருந்து கழற்றுவது அவருக்குப் பெரிய காரியமில்லை.

மிச்சம் கப்பி. எங்கள் விறாந்தைக்குக் குறுக்கே ஒரு கொங்கிறீற்று வளை போகிறது. தையல் நாடாவால் அளந்தேன். இவரின் சைக்கிளோ பழைய கறுப்பு இரும்பு, ஆட்டுக்குட்டி இரண்டின் பாரம். அதை மேலே தூக்கிவிட்டால் தனியாள் இறக்க ஏலாது, இரண்டு பேர் வேண்டும். மற்ற ஆள் நான். அதாவது, நான் சம்மதிக்காமல் சைக்கிள் நிலத்துக்கு வராது.

எவ்வளவு கெட்டித்தனம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

இவரிடம் வேறு காரணம் சொன்னேன். "உப்புக் காத்துக்குக் கறள் பிடிக்குது. முத்தத்தில வைச்சா மழை. மேல தூக்கி வைச்சா விறாந்தையில நடமாடவும் இடம்."

இவர் அண்ணாந்து விறாந்தை வளையைப் பார்த்தார். "கப்பியோ?" என்றார்.

"ஓம்."

"நல்லது" என்றார்.

அந்த "நல்லது" எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

இரட்டைக் கப்பி

சலீம் நானா கிண்ணியாக்காரர். திருகோணமலை ரவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார், ட்ரில் மெசின் வேலையும் செய்வார். எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியை மேலே ஏற்றிப் பூட்டியதும் அவர்தான். ஒரு சனிக்கிழமை மெசினோடும், கொங்கிறீற்றுக்குள் போய் விரிகிற போல்ட்டுகளோடும், நான் தொலைபேசியில் சொல்லிவைத்த ஒற்றைக் கப்பிகள் இரண்டோடும் வந்தார்.

ஏணியில் ஏறி வளையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "வளை நல்ல திறம் அக்கா. பழைய ஆக்கள் கட்டினது. முழுப் பாரமும் சுவரில எண்டா நான் மாட்டன் எண்டிருப்பன், அது நடுவில வெறுமையான பொள்ளல் கல்லு."

இவர் கதிரையை விட்டு எழும்பி ஏணிக்குக் கீழே வந்தார். கப்பியைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"சலீம், இது ஒத்தைக் கப்பியெல்லோ? முழுப் பாரமும் கையில வரும். ரெட்டைக் கப்பி கொண்டு வா. முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு ஒண்டு. ரெண்டு கயிறையும் ஒரு இடத்தில சேர்ப்பம்."

"ஒத்தைக் கப்பியே காணும், அது போதும்" என்றேன் நான் அவசரமாக. "ஏன் வீண் வேலை."

"நீ பேசாம இரு. முப்பது வருசம் இதைத்தானே செய்தனான்."

சலீம் நானா என்னைப் பார்த்தார். நான் அவரிடம் உண்மையைச் சொல்லியிருந்தேன், சைக்கிளைத் தூக்குவதற்குக் கஷ்டமாக இருக்கவேண்டுமென்று. அவர் கண்ணாலேயே "என்ன செய்ய?" என்று கேட்டார். நான் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போய்விட்டேன்.

குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். சலீம் நானா கடைக்குப் போய் இரட்டைக் கப்பி கொண்டு வந்தார். மெசின் வளையைத் துளைக்கும்போது சீமெந்துத் தூள் இவரின் தலையில் கொட்டியது, இவர் நகரவில்லை. கயிறு எப்படிப் போகவேண்டும், எந்த முடிச்சு வழுக்கும், எது வழுக்காது, கயிற்றைச் சுற்றிக் கட்டுகிற இரும்பை எந்த உயரத்தில் அடிக்கவேண்டும் என்று குரல் உயர்த்திச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குரலை நான் கேட்டதில்லை. எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது, என் திட்டம் பிழைக்கிறதென்று பயமாகவும் இருந்தது.

கயிறு கட்டுகிற இரும்பு வலப்பக்கச் சுவரில் போயிற்று. அங்கே நின்று கயிறு பிடித்தால் சைக்கிள் இவரின் வலப்பக்கத்தில் வரும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

வேலை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். ஒரு கையால் கயிற்றை இழுத்தார். அந்தக் கறுப்பு இரும்பு, ஏதோ கடதாசியில் செய்ததுபோல, சத்தமில்லாமல் மேலே போயிற்று.

"பார். ஒரு கையால" என்றார்.

ஆமைப்பூட்டு

இரண்டாம் நாளே குளிர்ப்பெட்டிக்குள் மீன் இருந்தது.

மீனைக் கழுவி, குழம்பு வைத்து, இவருக்குப் போட்டுக் கொடுத்தேன். நான் சாப்பிடவில்லை. அடுத்த நாள் வேலையால் வரும் வழியில் ஒரு சங்கிலியும் ஆமைப்பூட்டும் வாங்கினேன். கதிரையில் ஏறி நின்று, சங்கிலியைச் சைக்கிள் சட்டத்துக்குள்ளால் விட்டு, வளையில் இருந்த வளையத்தோடு சேர்த்துப் பூட்டினேன். இவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கள்ளர் கூடிப்போச்சாம்" என்றேன்.

"ஓம்" என்றார் இவர். "கள்ளர்தான்."

பூட்டின் திறப்பை என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். வேலையில் இருக்கும்போதும் பைக்குள் கையை விட்டு அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன்.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் பெரிய சண்டை ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் நல்லது. இவர் காலையில் விறாந்தைக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிப்பார். தலைக்கு மேலே சைக்கிள். அண்ணாந்து ஒரு தரம்கூடப் பார்க்கமாட்டார். கண்ணுக்குத் துளி விடும்போது நான் இமையை விரித்துப் பிடிப்பேன். அப்போதும் என்னைப் பார்க்கமாட்டார்.

இவருக்கு வலப்பக்கம் தெரியாது என்பது டொக்டரின் கடதாசியில் இருந்தது. ஆனால் இவர் வாயால் ஒரு நாளும் சொல்லவில்லை. வீட்டுக்குள் எங்கேயும் முட்டவில்லை, ஒன்றையும் தட்டி விழுத்தவில்லை. ஒருவேளை டொக்டருக்குப் பிழையோ, நான்தான் இந்த மனுசனைச் சும்மா கட்டிப்போட்டிருக்கிறேனோ என்று எனக்குச் சந்தேகம் வரத் தொடங்கியது. அந்தச் சந்தேகத்தோடுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

கயிறு இறங்கும் நேரம்

சைக்கிளுக்கு எண்ணெய் போடவேண்டுமென்று இவர்தான் கேட்டார். சரியென்று பூட்டைத் திறந்து கொடுத்தேன். சாக்கு எடுக்க உள்ளே போனேன். குசினி வழியாக வராமல் முற்றத்தால் சுற்றி வந்தேன். அதனால் இவரின் வலப்பக்கத்தில் வந்து நின்றேன்.

"சாக்கு எங்க வைச்சனீ?"

இவர் முகம் குசினி வாசலைப் பார்த்திருந்தது. நான் பக்கத்தில் நிற்கிறேன். என் சீலைத் தலைப்பு காற்றுக்கு இவரின் சாரத்தில் படப்பார்க்கிறது.

குரல் கொடுத்திருக்கலாம். ஒரு சொல் போதும். கொடுக்கவில்லை. காண்கிறாரா என்று பார்க்கவேண்டும்போல இருந்தது. டொக்டரின் கடதாசியை நம்பாமல் என் கண்ணால் அறிந்துகொள்ளவேண்டும்போல இருந்தது. அரை அடி முன்னுக்கு வந்தேன். இன்னும் அரை அடி. இப்போது சைக்கிளுக்கு நேர் கீழே நிற்கிறேன். இவர் அண்ணாந்து, இடது கண்ணால் கப்பியைப் பார்த்தபடி, கயிற்றை விட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது காண்பார் என்று நினைத்தேன். இப்போது. இப்போது.

பெடல் என் இடது தோளில் இறங்கியது. சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம். அது எனக்குள்ளிருந்து வந்த சத்தமென்று விளங்கமுன் நான் நிலத்தில் இருந்தேன்.

இவர் கயிற்றைக் கைவிடவில்லை. கையில் பாரம் மாறியதும் இறுக்கிப் பிடித்து, சுவர் இரும்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் திரும்பினார். முப்பது வருடப் பழக்கம். விட்டிருந்தால் முழுச் சைக்கிளும் என்மேல் வந்திருக்கும்.

"நீ எங்க நிண்டனீ?"

"இஞ்சதான். உங்களுக்குப் பக்கத்தில."

இவர் முகத்தில் அப்போது வந்ததை நான் எழுதப்போவதில்லை. பாவம் பார்க்கிறமாதிரி எழுதாதே என்று சொல்லியிருக்கிறார்.

ஒரு கையோடு

காறை எலும்பில் வெடிப்பு. ஆஸ்பத்திரியில் கையை மடித்துக் கழுத்தோடு கட்டிவிட்டார்கள். ஆறு கிழமை.

அந்த ஆறு கிழமையும் வீடு இவர் கையில். பிட்டு அவித்தால் கட்டியாக வரும், கறிக்கு உப்புக் கூடும். என் தலையை இவர்தான் சீவி இழுத்துக் கட்டினார். பின்னத் தெரியாது, கயிறு முறுக்குவதுபோல முறுக்கி முடிவார். ஒரு இடம் விட்டு மற்ற இடம் போகுமுன் நின்று, தலையை முழுக்க வலப்பக்கம் திருப்பிப் பார்ப்பார். "நிக்கிறியா?" என்று கேட்பார். நான் கட்டிலில் படுத்திருந்தாலும் கேட்பார்.

சைக்கிள் விறாந்தைச் சுவரோடு சாத்திக் கிடந்தது. பூட்டில்லை. எடுத்துக்கொண்டு போக யாரும் தடையில்லை. இவர் அதைத் தொடவில்லை.

நான் வென்றுவிட்டேன். என் எலும்பு ஒன்றைக் கொடுத்து வென்றேன். ஆனால் இவர் தன் பிழையென்று நினைத்து என் கைக்கட்டை அவிழ்த்துக் கட்டும் ஒவ்வொரு முறையும் நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டேன். மூன்றாம் கிழமை, பின்னேரத் தேத்தண்ணிக்கு இருந்தபோது சொல்லிவிட்டேன்.

"இஞ்சருங்கோ. அண்டைக்கு நீங்க என்னைக் காணேல்ல எண்டு எனக்குத் தெரியும்."

"அதைத்தானே எல்லாரும் சொல்லீனம்."

"இல்லை. விழுறதுக்கு முதலே தெரியும். சாக்கு எங்க எண்டு கேட்டீங்கள். கையில வைச்சுக்கொண்டு பேசாம நிண்டனான். காணுவீங்களோ எண்டு பார்க்கத்தான் சைக்கிளுக்குக் கீழ வந்தனான்."

இவர் கோப்பையை நிலத்தில் வைத்தார்.

"எவ்வளவு நேரம் நிண்டனீ?"

"கயிறு இறங்கி முடியும் வரைக்கும்."

"தோளில பட்டது. தலையில பட்டிருந்தா?"

நான் கழுத்துக் கட்டை இழுத்துச் சரிசெய்தேன்.

"நான் உன்னைச் சாக்காட்டியிருப்பன்" என்றார். குரல் உயரவில்லை. "அதுக்குப் பிறகு நான் என்னத்தைக் கண்டு என்ன? காணாம இருந்து என்ன?"

எழும்பி உள்ளே போய்விட்டார். மூன்று நாள் கதை பேச்சில்லை. சாப்பாடு வந்தது, மருந்து வந்தது, தலை இழுத்தார். "நிக்கிறியா?" மட்டும் வரவில்லை. அந்த மூன்று நாளும், முறிந்த எலும்பைவிட அது நொந்தது.

முளைத்து வருகிற ஆட்கள்

நான்காம் நாள் காலை இவராகவே தொடங்கினார். என் கைக்கட்டை மாற்றிக் கட்டிக்கொண்டு, முடிச்சைப் பார்த்தபடி கதைத்தார்.

"கப்பி எண்டு நீ சொன்ன அண்டைக்கே எனக்கு விளங்கினது. நான் தூக்க ஏலாம இருக்கவேணும் எண்டுதானே."

"பிறகேன் ரெட்டைக் கப்பி போட்டீங்கள்?"

"ஏலும் எண்டு காட்டத்தான்."

முடிச்சை அவிழ்த்துத் திரும்ப முடிந்தார்.

"அந்த மானுக்கு முதலே தெரியும். ஆறு மாசம் இருக்கும். வலப்பக்கத்தில ஆக்கள் வாறதில்லை, முளைக்கினம். ஒண்டும் இல்லாத இடத்தில திடீரெண்டு ஒரு ஆள் நிப்பான். லொறியும் அப்பிடித்தான். சத்தத்தை வைச்சுத்தான் சமாளிச்சனான்."

"ஏன் என்னட்டச் சொல்லேல்ல?"

"சொன்னா பூட்டியிருப்பாய்."

நான் சிரிக்கப் பார்த்தேன். சிரித்தால் தோள் நொந்தது.

"சைக்கிளை மேல தூக்குவம்" என்றார். "கறள் பிடிக்குது, அது உண்மைதான். ஆனா பூட்டு வேண்டாம். பெண்சாதி பூட்டிவைச்ச சாமானுக்குக் கீழ இருந்து என்னால தேத்தண்ணி குடிக்க ஏலாது."

"பூட்டை எடுத்தா ஓடுவீங்களே?"

"ஓடமாட்டன் எண்டு சொல்லமாட்டன். சொன்னாலும் நீ நம்பமாட்டாய்."

இரண்டு நாள் யோசித்தேன். மகளிடம் கேட்டேன், வேண்டாம் என்றாள். சலீம் நானாவிடம் கேட்டேன். "அண்ணனைப் பூட்டி வைக்க ஏலுமா அக்கா? சைக்கிளைத்தான் பூட்டலாம்" என்றார். அவரை வரச்சொல்லி, கயிறு கட்டும் இரும்பை வலப்பக்கச் சுவரிலிருந்து கழற்றி இடப்பக்கத் தூணில் அடிப்பித்தேன். அங்கே நின்று இழுத்தால் விறாந்தை முழுவதும் இவரின் இடது கண்ணுக்குத் தெரியும். சைக்கிள் மேலே போனது. ஆமைப்பூட்டைச் சலீம் நானாவிடமே கொடுத்துவிட்டேன்.

வெறும் கயிறு

கட்டு அவிழ்த்து நான் வேலைக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகியிருக்கும். வெள்ளிக்கிழமை. கூட்டமொன்று நடக்காமல் போனதால் பதினொரு மணிக்கே வீட்டுக்கு வந்தேன். விறாந்தையில் கயிறுகள் தொங்கின. கொளுக்கிகள் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தன. சைக்கிள் இல்லை. இவர் இல்லை.

தொலைபேசிக்கு அழைத்தேன். உள்ளே அலுமாரிக்கு மேலே மணி அடித்தது.

சந்தியில் நின்ற ஓட்டோவில் ஏறினேன். "துறைமுகப் பக்கம் போங்கோ, மெல்லமாப் போங்கோ" என்றேன். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே தலையை நீட்டி இரண்டு பக்கமும் பார்த்தபடி போனேன். பூட்டைக் கொடுத்த என் கையைச் சபித்துக்கொண்டு போனேன்.

ஒரு சந்தியில் சனம் கூடி நின்றது. ஆட்களின் கால்களுக்கு இடையில் ஒரு சைக்கிள் சில்லு, நிலத்தில் படுத்தபடி. ஓட்டோ நிற்கமுன் குதித்தேன். விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தால் பப்பாப்பழம் விற்கிற மனுசன். கரியரில் கட்டிய பெட்டி அவிழ்ந்து பழமெல்லாம் றோட்டில். ஆளுக்கு ஒன்றுமில்லை, பழத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நானும் குனிந்து ஒன்றை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன். ஏன் வைத்தேனென்று தெரியாது.

உள்துறைமுகத்தை ஒட்டிய வீதியில் திரும்பியபோது கண்டேன்.

இவர் நடந்து வந்துகொண்டிருந்தார்.

வீதியின் இடது ஓரம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. சைக்கிள் இவரின் வலப்பக்கத்தில், இவருக்கும் வாகனங்களுக்கும் நடுவில், வேலிபோல வந்தது. கரியருக்கு மேலே, வாகனப் பக்கத்துக்குத் துருத்திக்கொண்டு, ஒரு தடியைக் குறுக்கே கட்டி நுனியில் சிவப்புத் துணி முடிந்திருந்தார். துறைமுகத்தில் நீட்டுப் பாரம் கொண்டுபோகும்போது கட்டுகிற மாதிரி. சீமெந்து லொறி ஒன்று அதைக் கண்டு ஒதுங்கிப் போனது. ஹாண்டிலில் மீன் பை.

ஓட்டோவை நிறுத்தி இறங்கினேன். வீதியைக் கடந்து, முன்னால் சுற்றி, இவரின் இடப்பக்கத்துக்கு வந்தேன்.

"ஏறேல்ல" என்றார் இவர், என்னைக் கண்டதும் முதல் சொல்லாக.

"தெரியுது."

"துறைமுக ஜெட்டி வரைக்கும் போனனான். ஒரு இடத்திலயும் ஏறேல்ல. நாலு பேர் கேட்டவங்கள், சில்லில காத்துப் போயிட்டுதோ எண்டு."

"என்ன சொன்னனீங்கள்?"

"கண் போயிட்டுது எண்டு சொன்னனான்."

இவர் அதை வெளி ஆளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. வெயிலுக்கு முகம் சிவந்து சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஓட்டோவில் வாருங்கள், சைக்கிளை ஆள் வைத்து எடுப்பிப்போம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. ஓட்டோக்காரரை அனுப்பிவிட்டு இவரோடு நடந்தேன்.

பின்னால் ஒரு பஸ் வருவது எனக்குக் கேட்டது.

"பஸ் வருது" என்றேன்.

இவர் சைக்கிளை ஓரமாக ஒடுக்கினார். பஸ் போனது.

"லொறி. பெரிசு."

ஒடுக்கினார்.

"ஓட்டோ. ரெண்டு மோட்டார் சைக்கிள். ஒரு பொம்பிளைப் பிள்ளை, ஸ்கூட்டியில. நாய் ஒண்டு நிக்குது. அங்கால ஒரு மாடு, தூரத்தில."

வீடு வரைக்கும் நான் வாயை மூடவில்லை. தொண்டை வறண்டது. எங்கள் ஒழுங்கைக்குள் திரும்புகிற இடத்தில் இவர் நின்றார். தலையை இடப்பக்கம் திருப்பி என்னைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் சொல்லாத" என்றார். "பெரிசுகளை மட்டும் சொல்லு. காணும்."